பழைய வடநூல்களுட் புகும் முறை: கடல்மல்லைக் கல் கற்பிக்கும் பாடம்

சில திங்கட்கு முன்னர் நம் குலத்து இளைஞர் ஒருவர், கையில் அச்சிட்ட சிற்பநூல் ஒன்றும் உள்ளத்திற் பெருங் குறையும் உடையராய் எம்மை நாடி வந்தனர். அவர் தந்தையார் உளித்தொழிலை விட்டு வேறு தொழிலிற் புகுந்தவர். மகனோ பாட்டனார் தொழிலை மீட்டும் கைக்கொள்ள விழைந்து, மாமல்லபுரத்துப் பட்டறை ஒன்றிற் பழகி வருபவர். நின்ற திருமால் உருவம் ஒன்றிற்காக, மகுடமும் பீடமும் நீங்கலாக 62 இஞ்சு உயரம் அமையுமாறு தேர்ந்த கல்லில், நூல் கூறியவாறே உச்சியினின்று கீழ்நோக்கிக் கோடிட்டுச் சென்றனராம். முகத்திற்கு 13 அங்குலம், கழுத்திலிருந்து மார்புக்கு இவ்வளவு, தொடைக்கு 27 அங்குலம் என இட்டுக்கொண்டே போக, முழங்கால் வருமுன்னரே கல் முடிந்துவிட்டது. "ஐயா, நூல் பொய் சொல்லுகிறது" என்றார் அவ்விளைஞர்.

"அங்குலம் என்பதை எவ்வளவாகக் கொண்டீர்?" என யாம் வினவினோம். "24 அங்குலம் ஒரு முழம் என்று நூலின் தொடக்கத்திலேயே உளது. முழம் 18 இஞ்சு, ஆகவே அங்குலம் முக்கால் இஞ்சு" என விடை வந்தது. கணக்கிற் பிழையில்லை. ஆனால் பட்டறையிலிருந்த முதியவர் ஒருவர், எழுத்தறியாதவர், அக்கோட்டைக் கண்டமாத்திரத்தே நகைத்து, "தம்பி, கல்லை அளக்காதே, உருவைப் பங்கிடு" என்று கூறிச் சென்றனராம். ஏன் அவ்வாறு பங்கிட வேண்டும் என்பதற்கு நூற்சான்று காட்ட அவரால் இயலவில்லை. நூலைப் படித்தவர்க்குக் கல் விளங்கவில்லை. கல்லை அறிந்தவர்க்கு நூல் தெரியவில்லை. இவ்விருவர்க்கும் இடையே கிடக்கும் பள்ளத்தை எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அந்நூலை வாங்கிச் சில ஏடுகள் புரட்டினோம். அங்குலம் என்னும் ஒரே சொல் அங்கு மூன்று பொருளில் வழங்குதல் கண்டோம். எட்டு யவம், அஃதாவது எட்டு வாற்கோதுமை மணியின் அகலம், மானாங்குலம் எனப்படும். மனை, கோயில் முதலியவற்றை அளத்தற்கு உரியது அது. ஆசிரியன் அல்லது எசமானனது நடுவிரலின் நடுக்கணு அளவு மாத்திராங்குலம் எனப்படும்; அது வேள்விக்குரிய பொருள்கட்குப் பயன்படும். செய்யக் கருதிய திருமேனியின் உயரத்தையே அதற்குரிய தாலக் கணக்கிற் பகுத்து வரும் ஒரு கூறு தேகாங்குலம், அல்லது தேகலப்தாங்குலம். திருமாலுக்குரிய உத்தம தசதாலத்தில் அக்கூறுகள் 124. ஆகவே 62 இஞ்சு உருவத்தில் ஒரு கூறு அரை இஞ்சே. முகம் ஆறரை இஞ்சு. இளைஞர் இட்டதோ ஒன்பதே முக்கால் இஞ்சு. "உருவைப் பங்கிடு" என்று எழுத்தறியா முதியவர் சொன்னது, தேகலப்தாங்குலத்திற்கு அந்நூல் கூறும் இலக்கணமே அன்றோ! நூல் பொய் சொல்லவில்லை. நாம் ஒரு சொல்லை அதன் இடம் நோக்காது பொருள்கொண்டோம், அவ்வளவே.

இவ்வாறே வேதம், உபநிடதம், இதிகாசம், புராணம், சிற்பநூல் என விரிந்த வடமொழிப் பழநூற் பரப்பினுட் புதிதாகப் புகுவார் பலர், முதற் கல்லிலேயே கால் இடறி, "நூல் பொய்" என்றோ "நமக்கு எட்டாது" என்றோ திரும்பிவிடுகின்றனர். வேறு சிலர் பாதிச் சுலோகத்தைப் பற்றிக்கொண்டு, குலப்பெருமை பேசவும் அயலாரோடு வழக்காடவும் முற்படுகின்றனர். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். பொருள்கொள்ளும் முறை அறியாமையே அப்பிழை. அம்முறையைக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் நம் கடற்கரையிலேயே, கல்லில், ஆயிரத்து முந்நூறு யாண்டுகளாகத் திறந்து கிடக்கின்றது.

முதற்படி எழுத்து. பல்லவர் தம் வடமொழிக் கல்வெட்டுகளைப் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் வெட்டுவித்தனர். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்டக் குகையில் ஒரே வடமொழிக் கல்வெட்டு ஒருபுறம் பல்லவ கிரந்தத்திலும் மற்றொருபுறம் பழைய நாகரி எழுத்திலும் வெட்டப்பட்டுளது. எழுத்து வேறு, மொழி வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று. வடமொழி என்றால் நாகரி எழுத்து மட்டுமே என எண்ணி அஞ்சுவார் அக்குகை வாயிலிற் சிறிது நின்று வருக. தமிழெழுத்து அறிந்தார்க்குக் கிரந்தம் அயலன்று. இரண்டும் நெருங்கிய உறவுடையன. சில கிழமைப் பயிற்சியில் அச்சிட்ட கிரந்தம் கைவரும். நம் வீட்டுப் பரண்களிற் கிடக்கும் ஓலைச்சுவடிகளிற் பல அவ்வெழுத்தினவே.

இரண்டாம் படி சொற்களைப் பிரித்தல். வடமொழியிற் சொற்கள் புணர்ந்தும் தொகைபட்டும் வருதலின், பதச்சேதம் செய்யாது பொருள் காணப் புகுதல் கோடு போடாமல் உளி வைத்தலை ஒக்கும். இதன் அருமையை உணர்த்தும் வரலாறொன்று நம் தொண்டை நாட்டிலேயே நிகழ்ந்ததாகக் குருபரம்பரை கூறும். 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரிற் பிறந்தவர் எனக் கொள்ளப்பெறும் இராமாநுசர், இளமையில் காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டனர். சாந்தோக்கிய உபநிடதத்திற் கதிரவனுள் உறையும் பொன்னிறப் புருடனுடைய கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் இடத்தே 'கப்யாசம்' என்றொரு சொல் வருகின்றது. கபி என்பது குரங்கு. ஆசம் என்பது அமரும் உறுப்பு. அதுபோலச் சிவந்த தாமரை என்று ஆசிரியர் உரைத்தனர். கேட்ட மாணவர் கண்ணில் நீர் பெருகிற்றாம். 'க' என்பது நீர், அதனைப் பருகுவோன் கபி, எனவே கதிரவன். ஆசம் என்பது மலர்த்தப்பெற்றது. ஆகவே கதிரவனால் மலர்ந்த தாமரை என்பதே பொருள் என்று அவர் கூறினர் என்பது வரலாறு.

இதனைக் கேட்ட அளவில் முதற் பொருள் கூறியவரை இகழ்தல் தொடக்கநிலை மாணாக்கர்க்குத் தகாது. அப்பொருளையே கொண்ட சங்கரர், குரங்கின் உறுப்பு உவமையானது தாமரைக்கேயன்றி இறைவன் கண்ணுக்கு அன்று. உவமைக்கு உவமையாய் வந்தமையின் இழிவின்று எனத் தம் உரையில் அமைதி காட்டினர். இலக்கணம் இரு பொருளுக்கும் இடந்தருகின்றது. ஆயின் எதனைக் கொண்டு துணிவது? சொல்வார் யார், எவரைப் பற்றிச் சொல்கின்றார், எந்த உணர்வோடு சொல்கின்றார் என்னும் இடத்தைக் கொண்டே துணிதல் வேண்டும். இராமாநுசர் வெற்றி இலக்கண வெற்றி மட்டும் அன்று. இடம் நோக்கிய வெற்றி. அவர் பெரிய நம்பியிடம் ஐவகைச் சமக்கிரியை பெற்ற மதுராந்தகம் இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே உளது. அவ்வழிச் செல்லும் நம்மவர் ஏரிகாத்த இராமர் சந்நிதியில் இதனையும் நினைக்க.

மூன்றாம் படி நூலின் கருத்தைத் துணிதல். இதற்கு மீமாம்சையார் ஆறு அடையாளங்கள் வகுத்தனர்: தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல், ஒரு பொருளை மீள மீளக் கூறுதல், வேறெங்கும் பெறப்படாத புதுமை, பயன் கூறுதல், புகழ்ந்துரைத்தல், காரணத்தொடு பொருந்துதல் என்பன. நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளைக் கற்ற தமிழ் மாணாக்கர்க்கு இவை புதியன அல்ல. ஒரு வரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதே, நூல் முழுவதையும் நோக்கு என்பதே இவற்றின் சாரம்.

இவ்வளவைகளைப் பயின்று பார்க்க மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தினும் சிறந்த இடம் இல்லை. ஏறத்தாழ 96 அடி அகலமும் 43 அடி உயரமும் உடைய அக்கல்லை 'அருச்சுனன் தபசு' என்றே நம் முன்னோர் வழங்கினர். பாரதத்து வனபருவத்தில் அருச்சுனன் பாசுபதம் வேண்டிக் கைகளை உயர்த்தித் தவஞ்செய்த கதை அதுவென்பர். 1914-ஆம் ஆண்டில் விக்டர் கொலுபியூ என்னும் அறிஞர், அஃது இராமாயணத்துப் பாலகாண்டத்திற் பகீரதன் தவத்தாற் கங்கை நிலத்திற்கு இறங்கிய கதையே எனக் கூறினர். அன்று தொடங்கிய வழக்கு இன்றும் முற்றுப்பெற்றிலது.

இரு காப்பியங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லைப் படிப்போம். கைகளை உயர்த்தி நின்று தவஞ்செய்தல் இருவர்க்கும் பொது. சிவபெருமான் வரங்கொடுத்தலும் பொது. அருச்சுனன் கதைக்கு இன்றியமையாதது பன்றி. அதன்பொருட்டே வேடனுக்கும் வீரனுக்கும் போர் மூண்டது. கல்லில் அப்பன்றி இல்லை. கங்கைக் கதைக்கு இன்றியமையாதது நீர். கல்லின் நடுவே பிளவும், அதில் மேல்நோக்கி எழும் நாகர்களும் உளர். பிளவின் மேற்புறத்தே நீர் தேக்கிவிடுதற்கு அமைந்த தொட்டியின் அடையாளமும் உண்டு. பிளவின் அடியில் ஆற்றங்கரைத் தொழில்களாகிய நீர்முகத்தலும் ஆடை பிழிதலும் காணப்படுகின்றன. தேவரும் கந்தருவரும் விலங்கினமும் மீள மீள அப்பிளவை நோக்கியே விரைகின்றனர். மீளக் கூறல் என்னும் அடையாளம் கல்லிலும் செல்லும் என்பதற்கு இது சான்று.

இனி, யானையின் அருகே இரு கைகளையும் தூக்கி நிற்கும் பூனையைக் காண்க. அதன் காலடியில் எலிகள். சிறார் கண்டு நகைக்கும் அப்பூனை நம்மைப் பாரதத்து உத்தியோகபருவத்திற்கு அழைத்துச் செல்கின்றது. அங்கே துரியோதனன் விடுத்த தூது மொழியில் இப்பொய்த்தவப் பூனையின் கதை வருகின்றது. ஆ! பூனை பாரதத்திலிருந்து வந்தமையின் கல்லும் அருச்சுனன் கதையே எனப் புதியோர் உடனே முடிவு செய்வர். நூலை முழுதும் படித்தவரோ, அக்கதையில் பூனை கை தூக்கி நின்றது கங்கைக் கரையில் என்பதைக் கண்டு நிற்பர். ஒரே சான்று இரு பக்கமும் இழுக்கின்றது. கதையை யாரோ சொல்லக் கேட்டு அமைவதற்கும், மூலத்தில் அந்த இடத்தைத் தேடிப் படித்தற்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கங்கை வரவு என்னும் பொருளே முதன்மையானது என யாம் கருதுகின்றோம். ஆயினும் சிற்பி இரு பொருளும் தோன்றவே செய்தான் என்று கூறும் அறிஞரும் உளர். அதனை எளிதில் தள்ளுதற்கில்லை. பல்லவர் அவை சிலேடையை விரும்பிய அவை. கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் ஒரே பாடலாக வெட்டப்பட்டுள்ள வடமொழிச் சுலோகங்கள், சிவனுக்கும் அரசனுக்கும் ஒருங்கே பொருந்துமாறு சொல் அமைத்தவை. அக்கல்வெட்டுகளை 1890-ஆம் ஆண்டிலேயே ஹூல்ட்ஷ் என்பார் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சிட்டுள்ளனர். அவற்றில் வரும் 'அத்யந்தகாமன்' என்னும் விருதுப்பெயர் எவ்வரசனைக் குறித்தது என்பதில் இன்றும் ஒருமைப்பாடு இல்லை. பல அரசர் பணி எனப் பலரும் கொண்டிருக்க, 1962-ஆம் ஆண்டில் இரா. நாகசாமி அவர்கள் இவை யாவும் இராசசிம்மன் ஒருவன் பணியே என வாதித்தனர். ஒரு விருதுப்பெயரின் பொருளில் ஒரு நூற்றாண்டு வரலாறு தொங்குகின்றது. ஆகவே இரு கருத்துகளை ஒருங்கே மனத்தில் தாங்கி, அவசரமின்றி இருக்கப் பழகுதல் நான்காம் படி என்க.

ஐந்தாம் படி, ஒரு நூலின் பகுதிகளை ஒன்றோடொன்று இயைத்துப் பார்த்தல். மகிடமர்த்தினி குகையில் ஒரு சுவரில் அன்னை சிங்கத்தின்மேல் வில்லேந்தி, எருமைத்தலை அவுணனைப் பொருகின்றாள். எதிர்ச்சுவரில் திருமால் அரவணையில் துயில, மது கைடபர் கதையுடன் தாக்க வருகின்றனர். துர்க்கை எங்கே, அரங்கத்தான் துயில் எங்கே; இரண்டும் ஏன் எதிரெதிரே வைக்கப்பட்டன என வினவுவார்க்கு மார்க்கண்டேய புராணத்துத் தேவி மாகாத்மியம் விடை தருகின்றது. அந்நூலின் முதல் அத்தியாயம் மது கைடபர் கதை. திருமாலை ஆட்கொண்ட யோகநித்திரையே அங்கே தேவி. அடுத்துவரும் அத்தியாயங்கள் மகிடன் வதம். இரு சுவர்களும் ஒரே நூலின் இரு பகுதிகள். நூலறிந்தார்க்கு அக்குகை ஒரு புத்தகம். அறியார்க்கு இரண்டு படங்கள். ஆயினும் சிற்பி நூலுக்கு அடிமையாகவில்லை என்பதும் காண்க. நூலில் தேவி மகிடன் கழுத்தில் கால் வைத்துக் கொல்கின்றாள். கல்லிலோ அவன் கதையைப் பற்றியவாறே பின்வாங்கச் சாய்ந்து நிற்கும் கணமே உளது. முடிவைக் காட்டாமல், முடிவு நெருங்கிவிட்டதைக் காட்டினான் நம் முன்னோன்.

ஆறாவதாக, பெயர்களை நம்பி மயங்காமை வேண்டும். பஞ்சபாண்டவ ரதங்கள் என்னும் பெயரைக் கண்டு பாரதத்தைப் புரட்டினால் ஒன்றும் கிடையாது. அவை தேர்களும் அல்ல, பாண்டவர்க்கு எடுத்தனவும் அல்ல. ஒற்றைக்கல்லில் உருவாக்கிய கோயில்கள். திரௌபதி ரதம் என்பதனுள் நிற்பவள் துர்க்கை. வழக்குப்பெயர் பிற்காலத்தது. அவ்வாறே நூல்களிலும், பின்னோர் இட்ட தலைப்பையும் ஏடெழுதினோர் சேர்த்த முடிவுரையையும் மூலத்தோடு கலவாது பிரித்தறிதல் கடன்.

ஏழாவது, பாடபேதம் நோக்குதல். கைப்படியாக வந்த நூல்களில் ஓர் எழுத்து மாறினும் வரலாறு மாறும். காஞ்சிப் பல்லவர் அவையில் வாழ்ந்த தண்டியார் இயற்றியதாகக் கருதப்படும் அவந்திசுந்தரி கதையில், கடற்கரையில் கிடந்த திருமால் உருவத்தின் முறிந்த கையை இலலிதாலயர் என்னும் சிற்பியார் ஒட்டுத் தெரியாவண்ணம் இணைத்தமை கேட்டு, தண்டியார் அதனைக் காண மல்லைக்குச் சென்ற செய்தி உளது. ஒரு சிற்பியின் கைத்திறம் காணப் பெரும்புலவர் ஒருவர் கடற்கரைக்கு வந்தார் என்பது நம் குலத்தார் போற்றத்தக்க செய்தி அன்றோ! அந்நூல் சிதைந்த ஏட்டிலிருந்து 1924-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, தண்டியாரின் கொள்ளுப்பாட்டனார் தாமோதரரே கிராதார்ச்சுனீயம் பாடிய பாரவி என்று பலர் எழுதினர். பின்னர்க் கிடைத்த ஏட்டில் வேற்றுமையுருபு ஒன்று வேறாக இருந்தது. பாரவி வேறொருவர், தாமோதரர் அவருடைய நண்பர் என்றாயிற்று. ஓர் உருபு ஒருவரை இருவராக்கிற்று! மகாபாரதத்திற்குப் புனா பண்டார்க்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 1919-இல் தொடங்கி 1966-இல் முற்றுவித்த பதிப்பு 1,259 கைப்படிகளை ஆராய்ந்து செய்யப்பட்டமையும் இதனாலேயே.

இறுதியாக, நூல் எக்காலத்தது என்பதையும் வினவுதல் வேண்டும். மயமதம் நம் தொழிற்கு முதன்மையான நூல்களுள் ஒன்று, 36 அத்தியாயங்கள் உடையது, திருவனந்தபுரம் த. கணபதி சாத்திரியார் 1919-ஆம் ஆண்டில் அச்சிட்டனர். ஆராய்ச்சியாளர் அதனைச் சோழர் காலத்தை ஒட்டியதாகக் கொள்வர். மல்லையின் ஒற்றைக்கல் கோயில்களோ ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. ஆகவே இன்று நம் கையிலுள்ள அந்நூல் எழுதப்படுமுன்னரே அக்கற்கள் கோயிலாகி நின்றன. இதனாற் சிலர் "நூலால் பயன் என்?" என்பர். அது பிழை. கைவழி வந்த அறிவு கைகளோடு அழிந்துபோகாதிருக்கப் பின்னோர் எழுதி வைத்த நினைவே நூல். நூலுக்கு வேர் உளி. உளிக்குக் காவல் நூல். ஒன்றை மற்றொன்றால் அளந்து கொள்க.

இனித் தொடக்கநிலை மாணாக்கர் செய்யத்தக்கன கூறுவாம். முதலில் எழுத்தும், இராமன் முதலிய சப்த ரூபங்களும், எளிய வினைமுடிபுகளும் பயில்க. அமரகோசத்தில் நாளொன்றுக்கு இரண்டு சுலோகம் நெட்டுருச் செய்க. பின்னர் வால்மீகியின் பாலகாண்டம் போன்ற எளிய நடையினவற்றைத் தமிழ் மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் படிக்க. உபநிடதத்தை உரையின்றித் தொடற்க. தொடுங்கால் ஒன்றிற்கு இரண்டு உரையாக வைத்துக்கொள்க. தமக்கு விளங்காத இடத்தைச் சுவடியிற் குறித்து வைத்து அறிந்தாரை வினவுக. விளங்கியதுபோல் நடித்தல் வேண்டா. ஒரு சுலோகம் தம் குலத்தைப் புகழ்வதாகத் தோன்றின், அதன் முன்னும் பின்னும் பத்துச் சுலோகம் படித்த பின்னரே மேடையிற் சொல்லுக. தம்மை இகழ்வதாகத் தோன்றினும் அவ்வாறே செய்க.

1957-ஆம் ஆண்டு முதல் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பப் பயிற்சிக்கூடம் நிறுவப்பெற்று, பின்னர்க் கல்லூரியாய் வளர்ந்து நூலும் தொழிலும் ஒருங்கு கற்பிக்கப்பட்டு வருகின்றது. அங்குச் சேரும் வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை. ஆதலின் நம் சங்கத்தார் திங்கட்கொருமுறையேனும் ஒரு மாலைப்பொழுதில், பட்டறை முதியவர் ஒருவரையும் வடமொழி கற்றார் ஒருவரையும் ஒரே பாயில் இருத்தி, இளைஞரை நடுவில் வைத்து ஓர் அத்தியாயமேனும் படிப்பிக்க வேண்டும் என வேண்டிக்கொள்கின்றோம். முதியவர் மறைந்தபின் அவர் கையறிவை எந்நூலிலும் தேடிக் காணுதல் இயலாது. அவர் இருக்கும்போதே நூலை அவர்க்குப் படித்துக் காட்டுதலும், அவர் சொல்வதை எழுதிக் கொள்ளுதலும் நம் கடமை.

முதலிற் கூறிய இளைஞர் எம்மிடமிருந்து சென்று, தாம் இட்ட கோடுகளை நீர்விட்டுக் கழுவினர். உருவத்தின் உயரத்தளவு ஒரு கோல் நறுக்கி, அதனை 124 கூறாக்கி, மீட்டும் உச்சியிலிருந்து தொடங்கினராம். இம்முறை பாதம் கல்லினுள்ளேயே அடங்கிற்று. முதியவர் வந்து பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. உளியை எடுத்து அவர் கையிற் கொடுத்தனர். அன்று மாலை நூலின் அப்பகுதியை இளைஞர் படித்துக் காட்ட, முதியவர் இருமுறை கேட்டு, "இதைத்தானே என் அப்பா சொன்னார்" என்றனராம்.